போதைப்பொருள் வழக்கில் மாதிரியை மறுபடி பரிசோதிக்கக் கேட்க முடியுமா?

முடியும், ஆனால் எளிதல்ல. மறுபரிசோதனை என்பது, கைப்பற்றிய பொருளின் மாதிரியை ஆய்வகம் சோதித்த பிறகு மீண்டும் சோதிக்கச் சொல்வது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே கிடையாது. 2013இல் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது: அறிக்கை கிடைத்த 15 நாட்களுக்குள் கேட்க வேண்டும், மிக அரிதான சூழலில், நீதிபதி காரணத்தை எழுதிவைத்தே அனுமதிக்கலாம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? திறந்து வைத்த கற்பூரம் நாளுக்கு நாள் கரைவதுபோல, மாதிரியும் காலப்போக்கில் மாறக்கூடும். வழக்கும் இழுபடும். ஆனால் முதல் அறிக்கை பிழையானால் ஒரு மனிதரின் பத்தாண்டுகள் போய்விடும் (பிடிபட்டது வணிக அளவு, அதாவது அரசு வரையறுத்த பெரிய அளவு என்றால், குறைந்தபட்சத் தண்டனையே அதுதான்). அந்த 15 நாளைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

மறுபரிசோதனை மறுக்கப்பட்டால் அறிக்கையை எதிர்க்கவே முடியாது என்று பலர் நினைப்பது தவறு. அறிக்கை தந்த ஆய்வக நிபுணரை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கோரலாம்.