மழை அறிவிப்பு வந்தும் நம் பக்கம் காய்வது ஏன்?
'ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்கிறார்கள், இங்கே ஒரு வாரமாகத் துளி இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவிப்பு தப்பில்லை. கோடைத் தொடக்கத்தில் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் காலிஃபிளவர் மாதிரி மேகம் குவியும்; தனி இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், அதனால் தெருவின் இந்த முனை நனையும்போது அந்த முனையில் புழுதி பறக்கும். அது எங்கே கொட்டும் என்று முந்தின நாளே சொல்வது உண்மையிலேயே கஷ்டம். அப்புறம், மேலே சூடான காற்றடுக்கு ஒன்று மூடி போல உட்கார்ந்துவிட்டால், ஈரம் இருந்தாலும் மேகம் வளராது, வறண்ட நாட்கள் நீளும். புழுக்கத்துக்கு நடுவே சட்டென்று குளிர்காற்று அடித்தால் மழை பக்கத்தில் வந்துவிட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குக் குறைவா? தயவுசெய்து உடனே வீட்டுக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.