ஆமைகள் ஏன் கடித்துக்கொள்கின்றன?

கேள்வி: 3 அடித் தொட்டியில் இரண்டு சிவப்புக் காது ஆமைகள் வளர்க்கிறோம். ஓடு தலா 4 அங்குலம். ஒன்று மற்றதன் வாலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: இன்றே பிரித்துவிடுங்கள். கடிபட்ட ஆமையின் காயத்தை, வெளிர் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்த போவிடோன் அயோடினால் (கிருமிநாசினி மருந்து) துடைத்து, கதகதப்பான உலர்ந்த பெட்டியில் வையுங்கள். தினமும் ஒரு மணி நேரம் சுத்தமான தண்ணீரில் விடுங்கள்; சாப்பிடுவதும் குடிப்பதும் அப்போதுதான். வால் கறுத்தாலோ வீங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இடப் பற்றாக்குறையே முதல் காரணம். ஓட்டின் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் என்றால் இரண்டுக்கும் 320 லிட்டர் வேண்டும். உங்கள் தொட்டி 200 லிட்டரைத் தாண்டாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பாசம் என்று நினைக்காதீர்கள். மேலே இருப்பது கீழே இருப்பதன் வெளிச்சத்தையும் சூட்டையும் பறிக்கிறது. முன்கால்களின் நீண்ட நகங்களை மற்றதன் முகத்தெதிரே படபடவென அசைத்தால் அது பெரும்பாலும் ஆண். இரண்டும் ஆண் என்றால் சேர்த்து வைக்கவே வேண்டாம்.

காயம் ஆறியபின் மறுபடி சேர்த்தாலும் பெரும்பாலும் கடி தொடரும். நிரந்தரமாக இரண்டு தொட்டிகள், இரண்டு யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்குகள் என்பதே என் பரிந்துரை. முடியாவிட்டால் ஒன்றைப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். ஏரி குளத்தில் மட்டும் விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.