கோழியா, போத்தலா?

"என் மகளுக்குப் பத்தரை வயது. போன மாதம் பெரியபிள்ளையாகிவிட்டாள். புரொய்லர் கோழி கொடுத்துக் கெடுத்தது நான்தானாம், மாமி சொல்கிறார். பிளாஸ்டிக் போத்தலில் ஹோர்மோனைக் குழப்பும் இரசாயனம் இருக்கிறது, அதுதான் என்கிறாள் அக்கா. யார் சொல்வது சரி? சாமத்தியச் சடங்கு வைப்பதா என்றும் குழப்பமாக இருக்கிறது."
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

தங்கச்சி, பத்தரை என்பது கொஞ்சம் முந்தினதுதான். நோய் இல்லை. 8 வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால்தான் வைத்தியர்கள் காரணம் தேடுவார்கள்.

மாமியின் கோழிக் கதை ஊரெல்லாம் உலாவுகிறது. புரொய்லர் ஆறு கிழமையில் கொழுப்பது தெரிந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஹோர்மோன் ஊசியால் அல்ல. பிள்ளையின் எடையைப் பாருங்கள்; உடம்பில் கொழுப்பு கூடினால் பருவம் முந்தும். பரம்பரையும் உண்டு. நீங்கள் எத்தனை வயதில் பெரியபிள்ளையானீர்கள் என்று மாமி கேட்டாரா?

அக்கா சொல்வதை அப்படித் தள்ள முடியாது. துறைமுக ஊர்க்காரிக்கு ஒரு கதை சொல்கிறேன். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க டிரிபியூட்டில்டின் என்ற இரசாயனம் கலந்த பெயின்ட் பூசினார்கள். பல நாடுகளில் துறைமுகங்களை அண்டிய கடலில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது! துளியிலும் துளி போதுமாக இருந்தது. 2008இல்தான் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வந்தது.

மனிதரில் அவ்வளவு நேராகக் கை காட்ட முடியாது. கடினமான தெளிந்த பிளாஸ்டிக்கிலும் தகரப்பேணியின் உட்பூச்சிலும் வரும் பிஸ்பீனோல் ஏ (பிபிஏ) என்ற இரசாயனம், உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் போல நடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பால்போத்தல்களில் அதைத் தடை செய்தது. ஆனால் பருவம் முந்துவதோடு அதற்குள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உங்கள் மகளுக்கு அதனால்தான் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

நல்ல செய்தி, அது ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். தினமும் புதிதாக உள்ளே போவதைத்தான் குறைக்க வேண்டும். கடையில் கொதிக்கிற சொதியைப் பையில் ஊற்றி முடிச்சுப்போட்டுத் தருவார்களே, வீடு வருவதற்குள் பை நெகிழ்ந்து சோற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் கலந்திருப்பவை கூடுதலாக இறங்கும். ஒரு தூக்குச்சட்டி கொண்டு போங்கள். பள்ளிக்கூடத்துக்கு எவர்சில்வர் போத்தல். 'பிபிஏ இல்லை' என்று எழுதியதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். சிலதில் அதன் தம்பி பிஸ்பீனோல் எஸ் இருக்கலாம்.

அப்புறம், பின்வளவில் சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துவதை நிறுத்துங்கள். பிவிசி குழாய்த் துண்டு எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு வரும். அது ஓரிரு நாளில் போகாது, கொழுப்பில் வருடக்கணக்கில் கிடக்கும்.

முதல் இரண்டு வருடம் மாதவிடாய் முன்பின்னாக வரும், பயம் வேண்டாம். இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சடங்கு? அதை மாமியிடமோ என்னிடமோ கேட்காமல் மகளிடம் கேளுங்கள். அவள் சரி என்றால், சோற்றை லஞ்ச் ஷீட் என்கிற பொலித்தீன் தாளில் அல்ல, வாழையிலையில் போடுங்கள்.