முறுக்கு பாக்கெட்டில் கியூஆர் கோடு: ஏன் யாரும் ஸ்கேன் செய்வதில்லை?

மணப்பாறையில் முறுக்கு போட்டு விற்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வாட்ஸ்அப் ஆர்டருக்காக பாக்கெட்டில் கியூஆர் கோடு அச்சடித்தோம். மெரூன் பின்னணியில் தங்கக் கலர், நடுவில் எங்கள் லோகோ, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் வழியாக ஆர்டரே வரவில்லை. எதை மாற்றுவது?"

முதலில் அதன் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள். டீக்கடை, பூக்கடை என்று எங்கே பார்த்தாலும் பணம் கட்டத்தான் இந்தக் கட்டம் ஒட்டியிருக்கிறது, அதனால் முறுக்குக்குக் காசு கொடுத்து முடித்தவர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். 'ஸ்கேன் மீ' என்று போட்டாலும் பிரயோஜனம் இல்லை, ஸ்கேன் செய்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். "முறுக்கு தீர்ந்துவிட்டதா? ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுங்கள், வீட்டுக்கே அனுப்புகிறோம்." அதற்குக் கீழே கடைப் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும், போலி கோடுகளுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது ஒரு தைரியம்.

அப்புறம் கலர். வெளிர் பின்னணியில் அடர் நிறம் என்பதுதான் இதற்கான முறை. உங்களுடையது தலைகீழாக இருக்கிறது, சில ஆப்கள் அதைப் படிக்கவே படிக்காது, தங்க மை பளபளத்தால் இன்னும் மோசம். வெள்ளைக் கட்டம் போட்டு அதற்குள் மெரூனில் கியூஆர் கோடு வையுங்கள், உங்கள் கலரும் போகாது. கோடில் இருக்கும் சின்னச் சதுரங்களில் நான்கின் அகலத்துக்குச் சுற்றிலும் வெற்றிடம் கட்டாயம் வேண்டும், டிசைனர்கள் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, லிங்க்கின் நீளம். வாட்ஸ்அப் லிங்க்கிலேயே தமிழில் செய்தியைச் சேர்த்தால், 'வணக்கம்' என்ற ஒரே வார்த்தை அதற்குள் 63 எழுத்தாக மாறிவிடும், ஏனென்றால் மெய்யின் புள்ளியும் சேர்த்து ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 9 எழுத்து ஆகிறது. வெறும் லிங்க் என்றால் 25-க்கு 25 கட்டத்தில் முடிகிற கோடு 41-க்கு 41 ஆகி, 2 சென்டிமீட்டர் இடத்தில் மணல் தூவியது போல நெருங்கிவிடும். வாட்ஸ்அப் பிசினஸில் ஷார்ட் லிங்க் என்று ஒன்று இருக்கிறது, செய்தியை ஆப்பிலேயே எழுதி வைக்கலாம், பின்னால் மாற்றவும் செய்யலாம், லிங்க் மாறாது.

லோகோ வேண்டும் என்றால் சின்னதாக, நடுவில் மட்டும். பிழை திருத்தம், அதாவது கோடில் ஒரு பகுதி மறைந்தாலும் படிக்க வைக்கும் வசதி, அதன் உச்ச அளவான 'ஹெச்'-இல் சுமார் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும் என்பார்கள், ஆனால் கசங்கலுக்கும் மினுமினுப்புக்கும் அதே கணக்கில்தான் இடம் விட வேண்டும், கோடும் இன்னும் நெருக்கமாகும். என்னைக் கேட்டால் முறுக்கு பாக்கெட்டில் லோகோவை வெளியே வைத்துவிடுவேன். மூன்று மூலைச் சதுரங்களில் மட்டும் கை வைக்கவே கூடாது.

இலவச இணையதளங்களில் 'டைனமிக்' கோடு (போய்ச் சேரும் லிங்க்கைப் பின்னால் மாற்றக்கூடியது) எடுக்காதீர்கள், அது அவர்கள் லிங்க் வழியாகத்தான் போகும், இலவசக் காலம் முடிந்ததும் நின்றுபோனால் அச்சடித்த கவர் அத்தனையும் வீண்.

மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன் அதே கவரில் ஒரு மாதிரி எடுத்து, முறுக்கை நிரப்பி சீல் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் வீட்டில் இருக்கும் பழைய போனால் ஸ்கேன் செய்து பாருங்கள். மடிப்பிலோ சீல் ஓரத்திலோ கியூஆர் கோடு விழுந்தால் பின்பக்கத்தின் நடுவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.