பர்மிங்காம் வண்டியும் வேலூர் வெயிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முழுவதும் பிரித்துக் கோத்த, 1950-களின் பர்மிங்காம் மோட்டார் சைக்கிளான பி.எஸ்.ஏ. ஏ10 கோல்டன் ஃபிளாஷ் ஒன்று விலைக்கு வருகிறது. புதிது போலப் பளபளக்கிறது. வாங்கலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: குரோம் முலாமும், ஆம்பூர்த் தோலில் தைத்த இருக்கையும் காசு இருந்தால் யாருக்கும் கிடைக்கும், எஞ்சினுக்குள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். இந்த 646 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சினில், ஆயில் வலப்பக்கத்துப் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) வழியாக, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கிற்குள் சென்று, அங்கிருந்து கனெக்டிங் ராடுகளை அடைகிறது. புஷ் தேய்ந்திருந்தால் ஆயில் அங்கேயே கசிந்துவிடும், ராடுகளுக்குப் போதிய அளவு போய்ச் சேராது. கிராங்கின் உள்ளே கசடு தங்குவதற்கென்றே ஒரு குழாய் உண்டு. சுழற்சியின் வேகத்தில் அழுக்கு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைப் பிரித்தவர் அந்தக் குழாயின் அடைப்பைத் திறந்து சுத்தம் செய்யாமல் மூடியிருந்தால், புதிய பிஸ்டனும் புதிய வால்வும் போட்டதில் பயனில்லை. ஆகவே, புஷ்ஷைப் புதுப்பித்தல், குழாயைச் சுத்தம் செய்தல் ஆகிய இவ்விரு வேலைகளும் நடந்ததற்கான புகைப்படத்தையோ லேத் பட்டறையின் பில்லையோ கேளுங்கள். உரிமையாளர் பதிலுக்குத் தடுமாறினால் விலையைக் குறைத்துப் பேசுவதைவிட எழுந்து வந்துவிடுவது நல்லது. எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: காலையில் இரண்டு கிக்கில் எழும் என் ஏ10, ஆம்பூரில் தேநீருக்கு நிறுத்திவிட்டு வந்தால் எழுவதே இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துவிட்டார். (வேலூர் வாசகர்)

பதில்: கார்புரேட்டரை இனி விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், சூடேறிய லூகாஸ் மேக்னெட்டோவைத்தான் (பேட்டரியின் துணையின்றி பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) முதலில் சந்தேகிக்கச் சொல்கின்றன. இந்த வண்டியில் அது சிலிண்டர்களுக்குப் பின்னால், எஞ்சினின் அனல் நேராகப் படும் இடத்தில் அமர்ந்திருக்கிறது. ஓடும்போது காற்றாவது படும். நிறுத்தியபின் சிலிண்டரின் சூடு முழுவதும் அதன்மேல் இறங்கும். அக்னி நட்சத்திரத்தின்போது நம் ஊரில் வெளிக்காற்றே நாற்பது டிகிரியைத் தாண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மேக்னெட்டோவில் உள்ள மின்தேக்கியான கண்டென்சர் பழையதாக இருந்தால், சூட்டில் மின்சாரத்தைக் கசியவிடுவதால் தீப்பொறி நலிந்துவிடுகிறது; வேகமாகச் சுழலும்போது அது தெரியாது, கிக் அடிக்கும் மெதுவான சுழற்சியில்தான் தெரியும். காயிலின் மேல் பூசிய அரக்கு, சூட்டில் இளகினாலும் இதே தொல்லை வரும்.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. அடுத்த முறை வண்டி மக்கர் செய்யும்போது, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை மேக்னெட்டோவின் உடல்மேல் மட்டும் பத்து நிமிடம் போர்த்துங்கள். எஞ்சின் ஆறுவதற்கு முன்பே வண்டி எழுந்துவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. கண்டென்சர், மேக்னெட்டோவின் சுழலும் பகுதியான ஆர்மெச்சருக்கு உள்ளேயே இருப்பதால் அதைச் சாலையோரத்தில் மாற்ற இயலாது. மேக்னெட்டோவை மட்டும் கழற்றி, அந்த வேலையைத் தொழிலாகவே செய்பவரிடம் கொடுத்து, காயிலையும் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள். செலவுதான், ஆனால் பாதிச் செலவில் செய்த மேக்னெட்டோ வேலை எதையும் நான் நீண்ட நாள் ஓடக் கண்டதில்லை.

கேள்வி: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: ஓட்டுவதைவிட நிறுத்திவைப்பதுதான் அதிகம் கெடுக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்கிற்குள் பூசிய பழைய பூச்சைக் கரைக்கும், ஆமல் கார்புரேட்டரின் உட்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கச் செய்யும். இரண்டு வாரங்களுக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் கலப்பினால் எரிகலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகும்; பிளக்கின் முனை வெளிறிக் காணப்பட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்குங்கள்.

கேள்வி: கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும் வண்டியில் ஏலகிரி ஏறலாமா? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: பழைய புல்லட்டில் பழகியவர் என்றால் தயங்க வேண்டாம். இன்றைய வண்டிகளை மட்டுமே ஓட்டியவரின் கால், பதற்றத்தில் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதித்துவிடும் என்பதால், காலியான மைதானத்தில் சில நாட்கள் பழகிய பின்னரே சாலைக்கு வர வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: வின்டேஜ் பதிவு செய்துகொண்டு தினமும் இராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகலாமா? (வாலாஜா வாசகர்)

பதில்: கூடாது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு அந்தப் பதிவை அளிக்கின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அவ்வண்டியைச் சாலையில் இறக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. உங்கள் வண்டியின் பழைய பதிவு உயிரோடு இருந்தால், வின்டேஜ் பக்கம் போகாமல் அதையே முறையாகப் புதுப்பித்து வாருங்கள்.

கேள்வி: புதிய பேட்டரி மாட்டியதிலிருந்து டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. (ஆற்காடு வாசகர்)

பதில்: இந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃபிரேமோடு இணைய வேண்டும். வழக்கப்படி நெகட்டிவ்வை இணைத்திருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.