பனைமரத்த எப்டி தடுக்கறது?

கேள்வி: அக்கா, நான் தண்டையார்பேட்டை. ஸ்கூல்ல பாஸ்கெட்பால் ஆடிகினு இருந்தேன், காலேஜ்ல ஆள் பத்தலன்னு நெட்பால்ல (பந்த கையால பாஸ் பண்ணி வளையத்துல போடற ஆட்டம்) இழுத்து உட்டு, ஷூட் பண்றவள தடுக்கற கோல் கீப்பரா நிக்க வச்சுட்டாங்க. ஷூட் பண்றவகிட்ட போயி எகிறினாலே விசில். எதிர் டீம்ல ஒருத்தி பனைமரம் கணக்கா இருக்கா, அவ கைக்கு பந்து போனா கோல்தான். இன்னா பண்றது?

பதில்: மொதல்ல அந்த பாஸ்கெட்பால் காலை மறந்துடும்மா. இங்க பந்து வச்சிருக்கறவ தரைல ஊனின காலுக்கும் உன் கிட்டக்கால்க்கும் நடுவுல 90 சென்டிமீட்டர் இருக்கணும், நம்ம கணக்குல மூணு அடி. அளக்கறது காலைத்தான், கையை இல்ல, அதனால மூணு அடி தள்ளி நின்னுகினு உடம்ப முன்னால சாய்ச்சு கையை எவ்ளோ வேணா நீட்டிக்கலாம். ஆனா பந்து அவ கைய உட்டு கெளம்பறதுக்குள்ள தடுமாறி உள்ள கால் வச்சுட்டா போச்சு, வழி மறிச்ச தப்பு, அதாவது அப்ஸ்ட்ரக்‌ஷன். சுண்ணாம்புல ரெண்டு கோடு போட்டு ஒத்தக்கால்ல சாஞ்சு நின்னு பழகு, ஷூட் பண்ண அவளுக்கு இருக்கறதே 3 செகண்டுதான், அது வரைக்கும் தாங்கினா போதும்.

ஆனா உண்மைய சொல்லட்டா, பந்து அவ கைக்கு போனப்புறம் நீ பண்றது பாதி சும்மா மெரட்டல்தான். வளையம் 3.05 மீட்டர் ஒசரத்துல இருக்கு, நெட்டையா இருக்கறவ தலைக்கு மேல தூக்கி உட்டா உன் கை எட்டாது. யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்கு ஆடினாங்களே, 2.08 மீட்டர், அவங்கள எதுத்து நின்ன டிஃபெண்டருங்க பட்ட பேஜார நெனச்சு பாரு! அதனால சண்டைய முன்னாடியே போடணும். அவளுக்கு பந்து எங்கேர்ந்து வருது? சர்க்கிளுக்கு (வளையத்துக்கு முன்னால போட்ட அரைவட்டம்) வெளிய நிக்கற அவங்க சென்டரும் (நடு ஆட்டக்காரி) விங் அட்டாக்கும் (ஓரத்துல பந்த கொண்டாரவ) தூக்கி போடறதுதான். உங்க சென்டரும் விங் டிஃபென்ஸும் (அந்த விங் அட்டாக்க தடுக்கறவ) சர்க்கிள் உள்ள வர முடியாது, ஆனா அந்த பாஸ் போடறவ மூஞ்சிக்கு எதிர்ல மூணு அடில கை தூக்கி நிக்கலாம்ல? பாஸ் கொஞ்சம் தாழ்வா வந்தாலே அது உனக்கு. நீ அவ முதுகுக்கு பின்னால ஒளிஞ்சு நிக்காத, பந்தும் ஆளும் ஒண்ணா தெரியற மாதிரி பக்கவாட்டுல நில்லு. இடிக்காத, அவகிட்ட பந்து இல்லாதப்ப ரெண்டு கையையும் விரிச்சு வழி மறிக்காத, அதுக்கும் விசில்தான்.

அப்பால ரீபவுண்ட். இத எவளும் பழகறதே இல்ல, எனக்கு இதுலதான் கோவம் வரும். நெட்பால்ல பின்னாடி போர்டு கெடையாது, பந்து வளையத்துல பட்டு எந்த பக்கம் வேணா துள்ளும். நீயும் உன் ஜோடி டிஃபெண்டரான கோல் டிஃபென்ஸும் பேசி வச்சுக்கணும், ஒருத்தி கை தூக்கி சாயணும், இன்னொருத்தி மத்த ஷூட்டருக்கு முன்னால போயி எடத்த புடிச்சுக்கணும். ரெண்டு பேரும் கை தூக்கிகினு பந்த வேடிக்க பாத்தா அந்த நெட்ட அதே பந்த எடுத்து மறுபடி போடுவா. காசிமேடு பக்கம் ஓப்பன் கிரவுண்டுன்னா மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கெளம்பிடும், எந்த பக்கமா தள்ளுதுன்னு வார்ம்-அப்லயே பாத்து வச்சுக்க.

கேள்வி: நான் பண்ண தப்புக்கு எதிர் டீமுக்கு பெனால்ட்டி குடுத்துட்டா நான் எங்க நிக்கணும்? (கொருக்குப்பேட்டை வாசகி)

பதில்: பந்து எடுக்கறவ பக்கத்துல ஒதுங்கி, பந்து அவ கைய உட்டு போற வரைக்கும் சும்மா நிக்கணும். உன் ஜோடி டிஃபெண்டர் மூணு அடில தடுக்கலாம், அவளுக்கு தடை இல்ல. நீ மொறைச்சுகினு நிக்காம, பந்து கெளம்பின செகண்டுல வளையத்துக்கு கீழ ஓடு.

கேள்வி: என் பொண்ணு குள்ளம், டிஃபென்ஸ் ஆடலாமா? (வியாசர்பாடி, ஒரு அப்பா)

பதில்: கோல் கீப்பரா போட்டா கஷ்டம் சார். விங் டிஃபென்ஸ்ல போடுங்க, மேல சொன்ன அந்த பாஸ கெடுக்கற வேலைக்கு ஒசரத்த விட காலு வேகம்தான் வேணும், வியாசர்பாடில ஃபுட்பால் பாத்து வளந்த பொண்ணுக்கு அத நான் சொல்லணுமா.