லினக்ஸில் டி டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள்

கேள்வி: விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்பில் கூடவே லினக்ஸ் மின்ட்டும் போட்டிருக்கிறேன். இரண்டும் நன்றாக ஓடுகின்றன. லினக்ஸில் டி டிரைவ் மட்டும் தகராறு. சில நாள் திறக்கிறது. சில நாள் ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்’ என்று ஏதோ சொல்லி நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்தேன். “சூப்பர்பிளாக் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், உள்ளே இருப்பதை மீட்க ₹4,500” என்கிறார்கள். மகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் கடைக்குப் போய் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்றே போங்கள்.

உங்கள் டி டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்தது. என்டிஎஃப்எஸ்ஸில் சூப்பர்பிளாக் என்ற ஒன்றே கிடையாது. அது டிரைவின் அமைப்பைக் குறித்து வைக்கும் பகுதி, லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4 போன்றவற்றில் இருப்பது. இல்லாத ஒன்று எப்படிப் போகும்? திரையில் வந்த செய்தி, ‘இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்’ என்று வரிசையாக அடுக்கும் பொதுச் செய்தி. அதிலிருந்து பயமுறுத்தும் சொல்லாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து உங்களிடம் பணம் கேட்கிறார்கள். இந்தச் செய்தியை எழுதியவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. உண்மைக் காரணம் கணினியின் உள்பதிவில் தெளிவாக இருக்கும். அதைப் பயனர் முன்னால் காட்டாமல், புதிதாக வருபவரை இப்படிக் கடைக்கு ஓட வைக்கிறார்கள்.

‘சில நாள் திறக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு, பிறகு ஆன் செய்து லினக்ஸுக்குள் போன நாட்களில் திறந்திருக்காது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து நேராக லினக்ஸுக்கு வந்த நாட்களில் திறந்திருக்கும். நினைவுபடுத்திப் பாருங்கள்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியும் சேர்ந்து வந்தது. அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. கணக்குப் பேரேட்டைப் பாதியில் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனவர் மாதிரி. அந்த நேரத்தில் இன்னொருவர் வந்து பேரேட்டில் எழுதினால், முதல் ஆள் எழுந்து தன் பழைய கணக்கையே தொடர்வார். இருவர் எழுதியதும் கெடும். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவைத் தொட மறுக்கிறது. சில லினக்ஸ்களில் டிரைவ் திறக்கும், படிக்க முடியும், எழுத மட்டும் விடாது. இரண்டுமே உங்கள் படங்களைக் காப்பாற்றும் ஏற்பாடுதான்.

விண்டோஸுக்குள் போங்கள். கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’, அதில் இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. உள்ளே ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ மங்கலாகத் தெரியும். மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை அழுத்தினால் அது உயிர் பெறும். டிக்கை எடுத்துச் சேமியுங்கள். பிறகு டி டிரைவை வலது கிளிக் செய்து, ‘ப்ராப்பர்டீஸ்’, ‘டூல்ஸ்’ வழியாக ஒருமுறை ‘செக்’ கொடுங்கள். முடிந்ததும் ஷட் டவுன் செய்து லினக்ஸுக்கு வாருங்கள். திறக்கும். பெரிய அப்டேட் எதுவும் வந்தால் அந்த டிக் திரும்ப விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடினால் ‘சூடோ’ என்று தொடங்கும் ஒற்றை வரிக் கட்டளைகள் வந்து குவியும். ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் போடு, சரியாகிவிடும்’ என்பார்கள். அது டிரைவைப் பழுதுபார்க்கும் கருவி அல்ல. சில மேலோட்டமான பிழைகளைத் தட்டிச் சரிசெய்து, ‘சோதிக்க வேண்டும்’ என்ற குறியை மாற்றி வைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் உயிரோடு இருக்கும்போது அது உங்களுக்குத் தேவையே இல்லை. ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்து டிரைவை வலுக்கட்டாயமாகத் திறக்கச் சொல்பவர்களின் பக்கமே போகாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிரைவைக் கிளிக் செய்ததும் பிழைச் செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொல் கேட்டால், அது பிட்லாக்கர், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி. உங்களுக்கு அது இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் கடை வரை போய்விட்டீர்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கேட்பது உங்கள் லாகின் கடவுச்சொல் அல்ல. 48 இலக்க மீட்புச் சாவி. கணினியை முதலில் அமைத்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுக்கப்பட்டதோ, அந்தக் கணக்கில்தான் அது வழக்கமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கணக்கோ கல்லூரிக் கணக்கோ கொடுத்திருந்தால் சாவி அங்கே போயிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளரிடம்.

விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாக விழுகிறது. பயனரிடம் தெளிவாகக் கேட்காமல் பூட்டிவிட்டு, சாவியை அவர் அறியாத இடத்தில் வைக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் கடைக்காரர் நுழைந்தால் இன்னும் மோசம். ‘விண்டோஸ் புதுசா போட்டுத் தரேன்’ என்று தன் கணக்கை வைத்து அமைத்துக் கொடுப்பார். உங்கள் டிஸ்கின் சாவி அவர் கணக்கில் இருக்கும். ஆறு மாதம் கழித்து பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பில், ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு வசதியை யாராவது மாற்றினால், விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் ₹4,500 அல்ல, 4 லட்சம் கொடுத்தாலும் திறக்காது. ஆகவே பயாஸில் யாரும் கை வைப்பதற்கு முன்னால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் சாவி இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட்டே வேண்டாம் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்பதை அணைக்கலாம். மணிக்கணக்கில் ஆகலாம், சார்ஜரைப் போட்டே வையுங்கள்.

டிரைவ் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, படங்களை வேறொரு வெளி டிஸ்கில் நகலெடுப்பது. அதை முடிக்காமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள். உதாரணமாக, விண்டோஸில் 300 ஜிபி என்று பார்த்த டி டிரைவ், லினக்ஸில் 322 ஜிபி என்று தெரியும். வேறு டிரைவோ என்று குழம்ப வேண்டாம். இரண்டும் ஜிபியைக் கணக்கிடும் முறை வேறு.

ஒவ்வொரு முறையும் கிளிக் செய்யாமல் டிரைவ் தானாகவே திறந்திருக்க வேண்டுமானால், மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறங்கள். டி டிரைவின் கட்டத்தைத் தேர்ந்து, பற்சக்கரப் பொத்தானில் ‘எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ போங்கள். மேலே இருக்கும் ‘யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்’ஸை அணைத்து, ‘மவுன்ட் அட் சிஸ்டம் ஸ்டார்ட்அப்’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு நீண்ட வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல் இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், என்றைக்காவது டிரைவ் திறக்காதபோது லினக்ஸே முழுதாகக் கிளம்பாமல் ‘எமர்ஜென்சி மோட்’ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். அதே பற்சக்கர மெனுவில் ‘ஃபார்மட் பார்டிஷன்’ என்பதும் இருக்கிறது, கவனம். அந்தத் திரையில் பெரிய கட்டங்களுக்கு நடுவே சில நூறு எம்பி அளவில், ‘இஎஃப்ஐ’ என்று குறிப்பிட்ட சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். சும்மா கிடக்கிறதே என்று நீக்காதீர்கள். இரண்டு இயங்குதளங்களும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இவ்வளவும் செய்தும் திறக்காவிட்டால், அதே ‘டிஸ்க்ஸ்’ செயலியில் மேல் மெனுவில் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட் டேட்டா’ என்பதை அழுத்தி, வரும் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். டிஸ்க் நிஜமாகவே பழுதா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.